வேர்வரை கறுப்பு

அந்த ஆளை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிட்டால், பிறகு ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆமாம், ஒருதலைப்பட்சமாகத்தான் பேசப்போகிறேன். இத்தனை வருஷம் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சாப்பாட்டு டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டவள் நான். அவன் பக்கம் பேச அவனுடைய தங்கை இருக்கிறாள். தெருவே இருக்கிறது.

எங்கள் மில்லில் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். ஏற்றிய துணி வெளியே போவதற்கு முன்னால் அதில் ஒரு துண்டு எங்கள் அறைக்கு வரும். வாங்குகிறவர் கொடுத்த மாதிரித் துண்டும் இதுவும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அறையின் சுவர் சாம்பல் நிறம், நாங்கள் போட்டுக்கொள்ளும் கோட்டும் சாம்பல் நிறம். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துபோகும். மூலையில் முன்பக்கம் திறந்த பெரிய பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம், பகல் வெளிச்சம் என்று தனித்தனி விளக்குகள். பொத்தானை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கடை வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த இரண்டு கறுப்பு, பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் ஒன்று நீலமடித்து, ஒன்று பழுப்படித்துத் தனித்தனியாக நிற்கும். எல்லா நிறத்திலும் கறுப்புதான் பெரிய ஏமாற்றுக்காரன்.

அவளுக்கு மில்லில் லைட்டக்கா என்று பெயர். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் "லைட்ல காட்டு" என்பாள். கல்யாணப் புடவையைக் காட்டினாலும் அதுதான், தக்காளியைக் காட்டினாலும் அதுதான். கேலிக்கு வைத்த பெயர். அவளே அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

லைட்டக்காவின் தலைமுடி இடுப்பைத் தாண்டும். மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். அம்மாவின் தலையில் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை கிடையாது. பேக்கிங் பகுதிப் பெண்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள்.

"உனக்கென்னக்கா, கவலையில்லாத தலை. எங்களையும் பாரேன்."

"அட, அது டை போட்ட தலைடி. நாத்தனாரே சொன்னாங்களாம்."

அவள் சிரித்துவிட்டுத் துணியைப் புரட்டுவாள். நானும் டை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க ஒரு காரணம் இருந்தது.

ஒருநாள் லைட்டக்கா வீட்டுக்கு வந்த அவள் நாத்தனார், சோப்பு தேடிக் குளியலறை அலமாரியைக் குடைந்திருக்கிறாள். சோப்புக்குப் பின்னால் தலைச்சாயப் பாக்கெட்டு, பிரஷ், உள்பக்கம் கறுத்துப்போன நீலப் பிளாஸ்டிக் கிண்ணம். அங்கிருந்தே வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இது யாருக்கு?" என்றாளாம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன்காரன், அதுதான் அந்த ஆள், தலையை நிமிர்த்தாமலேயே, "அவளுக்குத்தான். வேற யாருக்கு?" என்றான். லைட்டக்கா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். மகள் தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "ஆமா, எனக்குத்தான்" என்றாள் இவள். அவ்வளவுதான். மறுவாரத்துக்குள் நாத்தனார் அதைப் போகிற இடமெல்லாம் விநியோகம் செய்துவிட்டாள்.

சாயம் அவனுக்கு. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே அவனுக்குக் காதோரம் வெளுக்கத் தொடங்கி, சீக்கிரமே தலை முழுக்கப் பரவிவிட்டது. அவன் தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனியில் விற்பனைக்காரன். பாதி மாதம் இங்கே, பாதி மாதம் இன்னொரு ஊரிலிருக்கும் கிளையில். வெள்ளைத் தலையோடு போய் நின்றால் எவன் மதிப்பான் என்று கேட்டான். நரைத்ததற்குக் காரணத்தையும் அவனே கண்டுபிடித்தான். டென்ஷன். ஆபீசில் டென்ஷன், வழியில் டென்ஷன், வீட்டுக்கு வந்தால் குழாய் ஒழுகுகிறது என்கிற டென்ஷன். கூடத்துச் சுவரில் அவனுடைய அப்பாவின் வாலிப வயதுப் படம் தொங்குகிறது. சுருக்கமில்லாத முகம், பஞ்சு மாதிரித் தலை. தினமும் அதன் கீழேதான் செருப்பு மாட்டிக்கொண்டு போவான்.

முதல் தடவை சலூனில் சாயம் போட்டபோது வலது காதுக்குப் பின்னால் வெந்து, கொப்புளம் கட்டிவிட்டது. இருவரும் தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். நரை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. கடுமையான மன உளைச்சல் அதைக் கொஞ்சம் முன்கூட்டிக் கொண்டுவரலாம் என்று ஆராய்ச்சி பண்ணினவர்கள் சொல்கிறார்கள். முடிக்கு நிறம் கொடுப்பது வேரில் இருக்கிற சரக்கு. அது தீர்ந்துபோனால் அடுத்து முளைக்கிற முடி வெள்ளையாக வரும். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முடி, நூல் மாதிரி. அதற்குக் கவலையும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. ஒரே ராத்திரியில் தலை வெளுத்தது என்பதெல்லாம் கதை.

இவ்வளவில் அவன் காதில் விழுந்தது பாதி வாக்கியம். ஆட்டோவில் ஏறியதும், "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு. டென்ஷன்" என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அவனுக்கு டென்ஷன் கொடுக்கக் கூடாது. அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது, ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் வீட்டுக்கும் தனியாக அலைந்தாள். அவன் கேட்டதற்கு, "சும்மா செக்கப்பு" என்றாள். மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து புருவத்தில் தையல் போட்டபோது, தையல் பிரித்த பிறகுதான் அவனிடம் சொன்னாள். நிற அறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறாயா என்று மேனேஜர் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு வர நேரமாகும், அவருக்கு டென்ஷன் ஆகும் என்றாள் என்னிடம். கவலைதான் நரைக்கவைக்கும் என்றால் அவள் தலை எப்போதோ வெளுத்திருக்க வேண்டும். அவன் தலையில் வந்ததைச் சாயம் பூசி மறைத்தார்கள்; அவள் மனதில் இருந்ததை அவளே மென்று விழுங்கினாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மகள் டியூஷனுக்குப் போன பிறகு, கதவைத் தாழ் போட்டுவிட்டு அவனைக் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைப்பாள். தோளில் பழைய துண்டு. முதலில் கூர்வால் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, வேரில் எட்டிப் பார்க்கும் வெள்ளைக்கு மட்டும் தடவுவாள். காதுக்குப் பின்னால் வெந்த இடத்தை, சின்ன நாணயம் அளவுக்கு, சுத்தமாக விட்டுவிடுவாள். அவள் கை பட்டால் அவனுக்குக் கொப்புளம் வந்ததே இல்லை. சாயம் போடுவது மகளுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான். அவளுக்கு அந்தக் காலைப்பொழுது பிடிக்கும். என்னிடம் மட்டும் பிறகு ஒருநாள் சொல்லியிருக்கிறாள், வெட்கப்பட்டுக்கொண்டு. மற்ற நேரத்தில் செல்போனும் கையுமாக இருக்கிற மனுஷன், அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். இவளும் அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள். பின்னே வேறென்னவென்று எடுத்துக்கொள்வாள்?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் வெளியூரிலிருந்து வந்து இறங்கி ஒருநாள்தான் ஆகியிருந்தது. எப்போதும் போலப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே. கறுப்பு மேல் கறுப்பு பூசப்போகிறாள், அதில் என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பான். வேறு பெண்டாட்டியாக இருந்தால் தெரிந்திருக்காதுதான். நாள் முழுக்கக் கறுப்பையும் கறுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சீப்பால் வகிடு எடுத்தாள். வெள்ளை இல்லை. அடுத்த வகிடு. இல்லை. குழல் விளக்கில் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, "கொஞ்சம் வெளியே வாங்க, லைட்ல காட்டுங்க" என்று துணி காயப்போடும் பின்கட்டுக்குக் கூட்டிவந்தாள். வெயிலில் பார்த்ததும் புரிந்துவிட்டது. முடியின் நீளமெல்லாம் பழுப்படித்த கறுப்பு. அது இவள் பாக்கெட். வேரோரம் ஒரு விரல்கடைக்கு நீலமடித்த கறுப்பு. அது இவள் பாக்கெட் இல்லை.

"இது யாருங்க போட்டுவிட்டது?"

"எது?"

"டை."

"அதுவா, போன வாரம் மீட்டிங் இருந்தது. சலூன்ல போட்டுக்கிட்டேன்."

சலூன் பக்கமே போகமாட்டேன், வெந்துபோகும் என்று இத்தனை வருஷம் சொன்னவன். அவள் வலது காதை மடக்கிப் பார்த்தாள். சின்ன நாணயம் அளவுக்கு அந்த இடம் வெள்ளையாக, சாயம் படாமல் இருந்தது. பிசிறில்லாமல், பார்த்துப் பார்த்து விட்ட மாதிரி. இவளே விட்ட மாதிரி.

"சலூன்காரனுக்கு இந்த இடம் எப்படித் தெரியும்?"

அவன் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, "கொஞ்ச நாளாத்தான்" என்றான்.

கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கிளை ஆபீசில் கூட வேலை பார்க்கிறவளாம். யார், எப்படி என்று இவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இங்க உங்களுக்கு என்னங்க குறை வெச்சேன்?"

"குறைன்னு இல்லை. இங்க வந்தா விருந்தாளி மாதிரி இருக்கு. நீ எங்கிட்ட எதையுமே சொல்றதில்லை. அவ அப்படி இல்லை. வீட்டுக் கவலை, உடம்புக் கவலை, எல்லாத்தையும் எங்கிட்டதான் சொல்லுவா. அதைக் கேட்டுக்கிட்டு இருந்தா எனக்கு மனசு லேசாயிடும். டென்ஷனே இல்லை."

திங்கட்கிழமை இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. ஒரு நீலத் துண்டைப் பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள்.

"இன்னொருத்திய வெச்சிருக்காருன்னாக்கூட விட்டுடுவேன் போலடி. எங்கம்மாவ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள அனுப்பிட்டு, வெளியில நின்னு போன்ல, 'ஒண்ணுமில்லைங்க, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். அவ கவலைய உக்காந்து கேக்கறாராம். கேட்டா லேசா இருக்காம். என் கவலை மட்டும் அவருக்கு ஆகாதா?"

இத்தனை வருஷமாக அவள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். அரைக்கிறவனுக்குக் கை வலிக்குமே என்று இவள் பார்த்துப் பார்த்து நின்றிருக்கிறாள்.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கிழக்கே பார்த்த ஜன்னல். மகளுக்குக் கடைசி வருஷப் பரீட்சை, பள்ளிக்கூடமும் அந்த வீட்டுக்குப் பக்கம். அதனால் மகள் அங்கேயே இருந்தாள். சமைத்துப்போட நாத்தனார் வந்து சேர்ந்தாள். "பொண்ணுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், பரீட்சை முடியட்டும்" என்று அவன் கேட்டுக்கொண்டான். மகளுக்காக இவளும் சரி என்றாள். மகளிடம், எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துவரலை என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நிற அறைப் பொறுப்பு மறுபடி தேடிவந்தது, இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள். நாத்தனாரும் தெருவும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு வேலைதான் பெரிசாப் போச்சு, புருஷன் பிள்ளை எல்லாம் வேண்டாமாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவன் அதை மறுக்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பான்.

மகள் வாரம் ஒருமுறை வருவாள். பிறகு படிக்க நிறைய இருக்கிறது என்றாள். பிறகு போனையும் எடுப்பதில்லை. லைட்டக்கா துணியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பொத்தானை மாற்ற மறந்துபோவாள். புருஷன் போனதை ஒருமாதிரி தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. "எம்பொண்ணு என்னைத் தப்பா நினைச்சுட்டாடி" என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினாள். நீயே உண்மையைச் சொல்லித் தொலையேன் என்றேன். பரீட்சை முடியட்டும் என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகளே வந்தாள். வாட்ச்மேன் கொண்டுவந்து அறை வாசலில் விட்டுவிட்டுப் போனான். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை, புருவத்தில் அந்தத் தையல் தழும்பு.

"அப்பாவைப் பாத்தியாம்மா நீ?"

"ஏன், என்னாச்சு?"

"தலை முழுக்க வெளுத்துப்போச்சு. அடையாளமே தெரியலை. நீ போன கொஞ்ச நாள்லயே. வெளியூர் போயிட்டு வந்ததும் தலையெல்லாம் கொப்புளம் வந்து, டாக்டர் முடியை ஒட்ட வெட்டிடச் சொல்லிட்டாரு. திரும்ப வளர்றது எல்லாமே வெள்ளை. மனவேதனையில இப்படி ஆகுமாம், அத்தை சொல்றாங்க. தெருவுல எல்லாரும் அவரை நிறுத்தி விசாரிக்கறாங்க."

லைட்டக்கா மகளையே பார்த்தாள். "கொப்புளம் வலது காதுக்குப் பின்னால இருந்துதான ஆரம்பிச்சது?"

"ஆமா. உனக்கு யார் சொன்னா?"

நான் வாயைத் திறந்தேன். லைட்டக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பரீட்சை. அந்த ஆளுக்குக் கொடுத்த வாக்கு. அந்தக் கிளை ஆபீஸ்காரி ஒரு தடவை அந்த இடத்தை விட மறந்திருப்பாள். அவன் என்னடாவென்றால் வெந்துபோன தலையைத் தெருவில் கொண்டுபோய்க் காட்டி, ஊர்முழுக்க அனுதாபம் வாங்கிக்கொண்டிருக்கிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மகளுக்குக் குரல் உடைந்தது. "அவர் அங்க வெளுத்துப்போய் நிக்கறாரு. நீ இங்க டையைப் போட்டுக்கிட்டு, கறுப்பா ஜம்முனு உக்காந்திருக்க. உனக்குக் கஷ்டமாவே இல்லையாம்மா?"

லைட்டக்கா முகம் சுண்டிப்போனது. அந்தப் பின்கட்டில், அவன் தலையை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றபோதுகூட அவள் முகம் இப்படி ஆகியிருக்காது. மெதுவாக எழுந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் சரிந்தது. நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தைப் போட்டு, தலையைப் பெட்டிக்குள் குனிந்துகொண்டாள்.

"பிரிச்சுப் பாரு."

"என்னத்தை?"

"வேரைப் பாரும்மா. எங்க வேணும்னாலும் பிரிச்சுப் பாரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையிலிருந்த சீப்பை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக உச்சியில் ஒரு வகிடு எடுத்தாள். பிறகு காதோரம். பிறகு பிடரியில், முடி அடர்ந்த இடத்தில். சீப்பு மெதுவானது. தோல் வரைக்கும் கறுப்பு.

"இங்க வந்தும் போட்டிருப்ப," என்றாள். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

"உன் பின்னலை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாரு."

மகள் தன் பின்னலை முன்னால் எடுத்து அம்மாவின் முடிமேல் வைத்தாள். நான் பொத்தானை அமுக்கினேன். அது என் வேலை, அதைச் செய்தேன். கடை வெளிச்சம். இரண்டும் ஒன்று. வீட்டு வெளிச்சம். இரண்டும் ஒன்று. மறுபடி பகல் வெளிச்சம். சாயம் பூசிய முடி அந்த வெளிச்சத்தில் எல்லா இழையும் ஒரே கறுப்பாகச் செத்துக் கிடக்கும். இந்த இரண்டிலும் ஒரு இழை கறுப்பு, ஒரு இழை பழுப்பு, ஒரு இழை செம்பட்டை என்று கலந்து ஓடியது. எந்த முடி யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

மகள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த நீலக் கிண்ணம்?"

லைட்டக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பாவுதா?"

"ம்."

"பின்ன ஏன் அன்னிக்கு உனக்குத்தான்னு சொன்ன?"

"இல்லைன்னா உங்கப்பாவுக்கு டென்ஷன் ஆகும்."

மகள் சிரிக்கப்போகிறாளோ அழப்போகிறாளோ என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. விவரமான பெண், அம்மாவின் கண் அவளுக்கு. புருவத்தைச் சுருக்கி எதையோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிண்ணம் நீ போனதுலேர்ந்து அலமாரியிலயே கிடக்கும்மா. காஞ்சுபோய், தூசி படிஞ்சு. நான்தான் போன வாரம் எடுத்துக் கழுவி வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப, கொப்புளம் வர்ற அளவுக்கு அப்பாவுக்கு டை போட்டுவிட்டது யாரு?"

பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அம்மாவின் முடியையும் தன் பின்னலையும் சேர்த்துப் பிடித்திருந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.